தேவைப்பட்ட நேரத்தில் செத்துப்போன பத்திரம்

1383-ம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் லின் என்ற துறைமுக ஊர். அரசரின் ஆணையோடு வந்த அதிகாரிகள் ஒரு பெண்மணியை வரவழைத்து எதிரே நிறுத்தினார்கள். பெயர் எம்மா டி பெஸ்டன், நிலபுலன் உள்ளவர். இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டார்கள். ஈலி என்றார். அது வேறு ஊர். இன்று என்ன கிழமை? தெரியவில்லை. வாரத்துக்கு எத்தனை நாள்? ஏழு என்று சரியாகச் சொன்னார், ஆனால் கிழமைகளின் பெயர் வரவில்லை. எத்தனை கணவர்கள்? மூன்று பேர் என்றார், ஒருவர் பெயர் மட்டும் நினைவில் இருந்தது. மகன் ஒருவன் உண்டு என்றார், அவன் பெயர் மறந்துபோயிருந்தது. கடைசியாகக் காசுக் கணக்குக்கு வந்தார்கள். 20 வெள்ளி குரோட் வேண்டுமா, 40 பென்னி வேண்டுமா? ஒரு குரோட் என்பது 4 பென்னி. இரண்டும் ஒன்றுதானே என்றார் எம்மா. அவருக்குப் புத்தி இல்லை என்று அதிகாரிகள் எழுதி முடித்தார்கள்.

இன்று மறதி நோய்க்கு மருத்துவரிடம் போகும் முதியவரிடமும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. என்ன கிழமை, எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள். 600 ஆண்டுகளில் கேள்வி பெரிதாக மாறவில்லை. மாறியது அதற்கு அடுத்த கட்டம். ஒருவருக்குச் சித்தசுவாதீனம் போய்விட்டது என்று தெரிந்த பிறகு, அவருக்காக முடிவெடுப்பது யார்?

எம்மாவின் காலத்தில் பதில் சுலபமாக இருந்தது. அரசர்தான். நாட்டுக்கே அவர் தகப்பன், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் எல்லாம் அவருடைய பிள்ளைகள். அரச உரிமைகளைப் பட்டியலிட்ட பழைய ஆவணம் ஒன்று அவர்களை இரண்டு வகையாகப் பிரித்திருந்தது. பிறவியிலேயே புத்தி வளராதவர் என்றால், அவருக்குச் சோறும் துணியும் கொடுத்த பிறகு மிஞ்சும் நில வருமானம் அரசருக்கு. நன்றாக இருந்து இடையில் புத்தி பிசகியவர் என்றால், அரசர் ஒரு காசு தொடக்கூடாது. தெளிந்து வந்தால் அப்படியே திருப்பித் தர வேண்டும். கருணையும் வருமானமும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. எது ஜெயித்திருக்கும்?

வருமானம்தான் ஜெயித்தது. எட்டாம் ஹென்றி 1540-ல் இதற்கென்றே ஒரு நீதிமன்றம் அமைத்தார். அநாதைப் பிள்ளைகளின் காப்பாளர் உரிமை அங்கே விற்பனைக்கு வந்தது. புத்தி வளராத செல்வந்தர் எவராவது இருந்தால், அவரை என் பொறுப்பில் விடுங்கள் என்று அரண்மனையில் கெஞ்சி நிற்க ஒரு கூட்டமே இருந்தது. நிலத்தை அனுபவிக்கத்தான் அந்தக் கெஞ்சல். 1660-ல் அந்த நீதிமன்றத்தை ஒழித்துக்கட்டினார்கள். ஆனால் ‘நாட்டுக்கே தகப்பன்’ என்ற அதிகாரம் ஒழியவில்லை. அரசரின் கையெழுத்திட்ட ஆணை ஒன்றின் வழியாக அது லார்ட் சான்சலர் என்ற அரசரின் மூத்த அமைச்சருக்கும் நீதிபதிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு தாளை நம்பித்தான் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளுக்கு என்ன ஆனது என்பது பின்னால் வரும் கதை.

அதற்குள் இந்த அதிகாரம் கப்பலேறி மதராசுக்கும் வந்திருந்தது. 1801-ல் அங்கே தொடங்கிய சுப்ரீம் கோர்ட்டுக்கும், அதன் பிறகு 1862-ல் பிறந்த மதராஸ் உயர் நீதிமன்றத்துக்கும், சிறுவர்கள், சித்தம் கலங்கியவர்கள் ஆகியோரின் உடல், உடைமை இரண்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1865-ல் தரப்பட்ட சாசனத்தின் 17-ம் பிரிவு அதைத்தான் சொன்னது.

ஆனால் சாதாரணக் குடும்பம் எதுவும் அரசரையோ சான்சலரையோ தேடிப் போகவில்லை. கோர்ட்டு விசாரணைக்கு ஆகும் செலவில் பாதிச் சொத்து கரைந்துவிடும். ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் போனார்கள். வயசாகிறது, அலைய முடியவில்லை. பெரியவன் பேருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவோம். லண்டனிலும் அதே பேச்சு, மதராசிலும் அதே பேச்சு. எனக்காக வாடகை வசூலி, எனக்காகக் கையெழுத்துப் போடு, எனக்காக விற்கவும் செய். எழுதிக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்கு அடியில் ஒரு குழி இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

குழி இதுதான். பவர் வாங்கியவர், எழுதிக் கொடுத்தவரின் கை மாதிரி. எழுதிக் கொடுத்தவரால் எதைச் செய்ய முடியுமோ அதைத்தான் அந்தக் கையும் செய்யலாம். அவருக்கே புத்தி போய்விட்டால்? அவரால் ஒப்பந்தம் போட முடியாது, ஆகவே அவருடைய கையாலும் முடியாது. அந்த நிமிடமே பத்திரம் செத்துவிடும். எந்த நாளுக்காக எழுதி வைத்தாரோ, அந்த நாளில் பார்த்துச் செத்துவிடும். இந்தியாவில் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியே வைத்தார்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ம் பிரிவு: எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்தது. அப்போது லண்டன் நீதிபதிகளே இந்த விஷயத்தில் திட்டமாக வாய் திறந்திருக்கவில்லை. அவர்களைத் திறக்க வைக்க ஒரு செருப்புக் கடைக்காரர் வர வேண்டியிருந்தது.

அந்தக் கடைக்காரரின் பெயர் ட்ரூ. நன் என்ற மனிதரின் மனைவிக்கு அவர் பூட்ஸும் ஷூவும் கொடுத்துவந்தார். தன் பேரில் பொருள் வாங்க மனைவிக்கு அதிகாரம் உண்டு என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். அதன் பிறகு அவருக்குப் புத்தி பேதலித்து மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். மனைவி வழக்கம்போல் கடனுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கு விஷயமே தெரியாது. சில வருஷங்களில் கணவர் குணமாகி வீட்டுக்கு வந்தார். பில் வந்தது. எனக்குப் புத்தி இல்லாத காலத்தில் வாங்கியதற்கு நான் பொறுப்பில்லை என்று கையை விரித்தார். 1879-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கணவருக்குப் புத்தி போனதும் மனைவியின் அதிகாரம் முடிந்துவிட்டது. ஆனாலும் விஷயம் தெரியாமல் நம்பிக் கொடுத்த கடைக்காரருக்குப் பணம் வந்தாக வேண்டும். கடைக்காரர் பிழைத்தார். அடுத்து மாட்டியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

1910-ல் மாட்டியவர்கள் வக்கீல்கள். டாய்ன்பி என்பவருக்காக அவர்கள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். கட்சிக்காரருக்கு இடையில் சித்தம் கலங்கியது அவர்களுக்குத் தெரியாது. ஒழுங்காக ஆஜராகி வந்தார்கள். தெரிய வந்தபோது எதிர்த்தரப்பு கேட்டது: இல்லாத அதிகாரத்தில் இத்தனை நாள் எங்களை இழுத்தடித்த செலவை யார் கொடுப்பது? வக்கீல்களே சொந்தக் கையிலிருந்து கொடுக்கட்டும் என்றது நீதிமன்றம். நல்லெண்ணத்தோடு செய்தாலும் தப்பவில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, செத்த பவரைத் தொட விவரம் தெரிந்தவர்கள் அஞ்சினார்கள். விவரம் தெரியாத லட்சக்கணக்கான பிள்ளைகள் அஞ்சவில்லை. அப்பாவுக்கு நினைவு தப்பிய பிறகும் அதே தாளை வங்கியில் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குத் தீர்வு வியப்பூட்டும் அளவுக்குச் சின்னது. அது வந்தது லண்டனிலிருந்து அல்ல, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்து. 1954-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். எழுதிக் கொடுப்பவர், எனக்குப் பின்னால் புத்தி தவறினாலும் இந்த அதிகாரம் தொடரும் என்று பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அது தொடரும். ஒரே ஒரு வரி. பழைய முட்டுக்கட்டை அதில் உடைந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர, 1979-ல் எல்லாருக்கும் பொதுவான மாதிரிச் சட்டமும் தயாரானது. இங்கிலாந்து அசையவில்லை. அசையாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது அதற்கு முன்பே வேறொரு காரியம் செய்து வைத்திருந்தது.

1959-ல் இங்கிலாந்து புதிய மனநலச் சட்டம் கொண்டுவந்தது. பழைய பைத்தியக்காரச் சட்டங்களையெல்லாம் துடைத்துப் போட்டு, நோயாளியை நோயாளியாகப் பார்க்கும் நல்ல சட்டம் அது. பழைய ஏற்பாடுகளும் இனி தேவையில்லை என்று முடிவானது. 1960-ல் அந்தப் பழைய அரச ஆணை, ‘நாட்டுக்கே தகப்பன்’ அதிகாரத்தை நீதிபதிகளிடம் ஒப்படைத்த அந்தத் தாள், ரத்து செய்யப்பட்டது. வீட்டைச் சுத்தம் செய்கிறவர் பழைய காகிதத்தோடு பட்டாவையும் சேர்த்துக் கிழித்துப் போட்டது போல நடந்துவிட்டது. புதிய சட்டத்தில் காப்பாளருக்குக் கொஞ்சம் அதிகாரம் இருந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தகப்பனுக்கு உள்ள அளவுக்கு. அதுவும் அதிகம் என்று 1980-களின் தொடக்கத்தில் குறைத்துவிட்டார்கள். ஆக, வயதுவந்த ஒருவரால் தன் உடலைப் பற்றி முடிவெடுக்க முடியாவிட்டால், அவருக்காகச் சம்மதம் சொல்ல நாட்டில் ஒரு ஜீவன் இல்லை. தாய் சொல்ல முடியாது, மனைவி சொல்ல முடியாது, நீதிபதியும் சொல்ல முடியாது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு இதை யாரும் கவனிக்கவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை இங்கிலாந்து ஒருவழியாக விழித்துக்கொண்டது. சட்ட ஆணையம் 1983-ல் அறிக்கை கொடுத்தது. 1985-ல் ‘நிலைக்கும் பவர்’ சட்டமானது, 1986 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எழுதிக் கொடுத்தவருக்கு நினைவு தப்பத் தொடங்குகிறது என்று தெரிந்ததும், வாங்கியவர் நெருங்கிய உறவினர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு அதைப் பதிவு செய்ய வேண்டும். செத்த பத்திரம் உயிரோடு எழுந்துவிட்டது. ஆனால் பாதி உயிர்தான். வீட்டை விற்கலாம், வங்கியில் பணம் எடுக்கலாம். அம்மாவுக்கு அறுவைசிகிச்சை செய்யலாமா என்ற கேள்விக்கு அந்தப் பத்திரத்தில் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நீதிமன்ற வாசலுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தாய்.

மகளுக்கு வயது 36. பதினான்கு வயதிலிருந்து மருத்துவமனையில்தான் வாசம். மனவளர்ச்சி நான்கைந்து வயதுக் குழந்தை அளவுக்கு. அங்கேயே இருந்த ஒரு ஆணோடு உறவு ஏற்பட்டிருந்தது. கர்ப்பம் தரித்தால் அது என்னவென்றே அவளுக்குப் புரியாது என்று தாயும் மருத்துவர்களும் பயந்து, கருத்தடை அறுவைசிகிச்சைக்கு அனுமதி கேட்டு வந்தார்கள். தீர்ப்புகளில் அவள் பெயர் ‘எஃப்’. நீதிபதிகள் பழைய அதிகாரத்தைத் தேடிப் புத்தகங்களைப் புரட்டினார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்த அதிகாரம் 1960-லேயே தொலைந்துவிட்டது என்று. 1989-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஒரு பாலம் கட்டினார்கள். சம்மதம் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் நோயாளியின் நலனுக்கு அவசியமானதை மருத்துவர் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது. அறுவைசிகிச்சை சட்டத்துக்கு உட்பட்டது என்று சொன்னார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்குத் தீர்ப்பில் இடமில்லை. இந்தக் கதையில் மனசை அறுக்கும் இடம் அதுதான். அவசியம் எது என்று தீர்மானிப்பவர் மருத்துவர் என்றால், மருத்துவர் தப்பாகத் தீர்மானித்தால்?

அதே 1989-ல் சட்ட ஆணையம் இந்தக் குழப்பத்தை முழுசாகக் கையில் எடுத்தது. வேலையை முன்னின்று நடத்தியவர் பிரெண்டா ஹேல். ஆணையத்தில் உறுப்பினரான முதல் பெண், பிற்காலத்தில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் தலைவர். அவர்கள் தாள் தாளாக எழுதிக்கொண்டிருந்தபோது, பிராட்மூர் என்ற பலத்த காவல் கொண்ட மனநல மருத்துவமனையிலிருந்து ஒரு வழக்கு வந்து விழுந்தது.

‘சி’ என்பவர், வயது 68, மனச்சிதைவு நோயாளி. தான் உலகப் புகழ்பெற்ற டாக்டர், தன் கையில் ஒரு நோயாளிகூட இறந்ததில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர். அவருடைய காலில் அழுகல் கண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புதான் என்றார் அறுவைசிகிச்சை நிபுணர். முடியாது என்றார் சி. ஒரு காலோடு வாழ்வதைவிட இரண்டு காலோடு சாகிறேன். தன்னைப் பெரிய டாக்டர் என்று நினைக்கும் பைத்தியத்தின் பேச்சை யார் மதிப்பார்கள்? நீதிபதி தார்ப் மதித்தார். கேட்டதைப் புரிந்து மனதில் வைத்துக்கொள்கிறாரா, நம்புகிறாரா, எடைபோட்டு முடிவெடுக்கிறாரா என்று மூன்றே கேள்விகள் வைத்தார். பிரமைகள் ஒரு பக்கம் இருக்கட்டும், தன் காலைப் பற்றி அவருக்குத் தெளிவு இருக்கிறது என்று தீர்ப்பளித்தார். காலை எடுக்கவில்லை. சி பிழைத்துக்கொண்டார்.

அவர் இறந்திருந்தாலும் அந்தத் தீர்ப்பு சரியானதே. எம்மாவை ஒரே மூச்சில் ‘புத்தி இல்லாதவர்’ என்று எழுதி முடித்த 1383-ம் ஆண்டுக்கும் இதற்கும் நடுவே இருக்கும் தூரம் பெரியது. காசுக் கணக்கு தெரியாதவருக்குத் தன் மகனோடு இருக்க வேண்டுமா என்பது தெரிந்திருக்கலாம். ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும். சட்ட ஆணையம் 1995-ல் கொடுத்த அறிக்கையில், வரைவுச் சட்டத்தோடு, இந்த எண்ணமும் இருந்தது. அறிக்கையை அரசு வாங்கி அலமாரியில் வைத்தது. கருணைக்கொலையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரும் சதி இது என்று எதிர்ப்பு கிளம்பியிருந்தது. ஸ்காட்லாந்து மட்டும் 2000-ல் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. லண்டன் அலமாரி மூடியே கிடந்த காலத்தில், பேச்சே வராத ஒரு மனிதர் மாட்டிக்கொண்டார்.

‘எச்.எல்.’ என்று ஆவணங்கள் அவரைக் குறிக்கின்றன. ஆட்டிசம் உள்ளவர். 30 ஆண்டுகளுக்கு மேல் போர்ன்வுட் மருத்துவமனையில் இருந்துவிட்டு, 1994-ல் ஒரு தம்பதியின் வீட்டுக்கு வந்தார். அவர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்துக்கொண்டார்கள். 1997 ஜூலை 22. பகல்நேரக் காப்பகத்தில் இருந்தபோது திடீரென்று நிலைகொள்ளாமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். தம்பதியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் எதிர்க்கவில்லை. எதிர்க்காதவரைக் காவலில் வைப்பதற்கான உத்தரவு எதற்கு என்று, உத்தரவு இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள். உத்தரவு இல்லை என்றால் கெடு இல்லை, மேல்முறையீடு இல்லை. தம்பதி பார்க்க வந்தால் கூடவே கிளம்பிவிடுவார் என்று, அவர்கள் வரவும் தடை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. அவருக்காகச் சொல்ல வந்தவர்களுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. எஃப் வழக்கில் கட்டிய பாலம் இங்கே சிறைச்சாலையாக மாறியிருந்தது.

தம்பதி விடவில்லை. உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். டிசம்பரில் அவர் வீடு வந்து சேர்ந்தார். 1998-ல் பிரபுக்கள் சபை அந்த வெற்றியைப் புரட்டிப் போட்டது. அவர் நினைத்தால் வெளியே போயிருக்கலாம் என்ற வாதம் வெறும் கட்டுக்கதை என்று நீதிபதி ஸ்டெய்ன் சாடினார்; ஆனாலும் சட்டத்தின் ஓட்டை அப்படி, வேறு வழியில்லை என்று அவரும் கையெழுத்திட்டார். வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் போனது. 2004 அக்டோபர் 5 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது: ஒரு மனிதனின் சுதந்திரம் சட்டவிரோதமாகப் பறிக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தீர்ப்பு வந்த நேரம், லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா ஏற்கெனவே பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. 2003-ல் வரைவாக வந்தபோது அதன் பெயர் ‘மனத்திறனின்மை மசோதா’. பரிசீலித்த குழு அந்தப் பெயரை ஏற்கவில்லை. ஒருவரிடம் இல்லாததைச் சொல்லி ஏன் ஆரம்பிக்க வேண்டும்? ‘மனத்திறன் மசோதா’ என்று மாறியது. 2004 டிசம்பர் 14 அன்று விவாதம் உச்சத்துக்குப் போனது. பட்டினி போட்டுக் கொல்ல இது வழிவிடும் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். அவை நடந்துகொண்டிருந்தபோதே, லார்ட் சான்சலர் கார்டிஃப் பேராயருக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று கைக்குக் கை சுற்றியது. எங்களுக்கு ஏன் காட்டவில்லை என்று கூச்சல். மசோதா கவிழும்போல இருந்தது. கவிழவில்லை. 2005 ஏப்ரல் 7-ல் சட்டமானது.

2007 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் புதிய பத்திரம் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டார்னி’, நீடிக்கும் பவர். சுருக்கமாக எல்.பி.ஏ. சொத்துக்கு ஒன்று, உடம்புக்கும் வாழும் விதத்துக்கும் இன்னொன்று. சித்தசுவாதீனத்தோடு இருக்கும்போதே, எனக்காக முடிவெடுக்க இவர்தான் வேண்டும் என்று தானே ஆளைத் தேர்ந்தெடுத்து எழுதி வைக்கலாம். எழுதிக் கொடுப்பவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது, யாரும் மிரட்டவில்லை என்று வெளியார் ஒருவர் சான்று போட வேண்டும். பதிவு செய்த பிறகே செல்லும். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தும் அதிகாரம் வேண்டுமானால் அதைத் தனியாக, வெளிப்படையாக எழுத வேண்டும். எதுவும் எழுதி வைக்காதவருக்குப் புதிய காப்பு நீதிமன்றம் ஆள் நியமிக்கும். நமக்கு முட்டாள்தனமாகத் தெரியும் முடிவை ஒருவர் எடுப்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்பதும் சட்டத்தின் முகப்பிலேயே இருந்தது. எம்மாவுக்குக் கிடைக்காதது அதில் கிடைத்தது. தனக்கு யார் வேண்டும் என்பதை, தெளிவாக இருந்த நாளிலேயே அவர் சொல்லி வைத்திருக்க முடியும்.

அந்தப் பத்திரம் கடல் தாண்டித் தமிழர்களிடமும் வந்தது. சிங்கப்பூர் அதே சட்டத்தை அடியொற்றி 2008-ல் சட்டம் போட்டு, 2010 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே வாழும் தமிழ்ப் பாட்டி மருத்துவர் அல்லது வக்கீல் சான்றோடு தன் மகளை நியமித்து வைக்க முடியும். சென்னையில் இருக்கும் அவருடைய தங்கை?

இங்கே 1960-ன் லண்டன் கதை அப்படியே திரும்ப நடந்தது. 1987-ம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மனநோயால் பாதிக்கப்பட்டவரின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றம் ஆள் நியமிக்க ஒரு முழு அத்தியாயம் இருந்தது. 2017-ல் நல்ல நோக்கத்தோடு புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. தன் சிகிச்சைக்குப் பிரதிநிதியை நியமிக்கும் உரிமை நோயாளிக்குக் கிடைத்தது. சொத்து பற்றிய அத்தியாயம் காணாமல்போனது. கோமாவில் கிடப்பவருக்கு முன்பும் வழியில்லை, பின்பும் வழியில்லை. நோயாளி கையெழுத்திட முடியாவிட்டால் கட்டைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வாங்கலாம் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அது உடம்பு முடியாதவருக்கு. நினைவு போனவருக்கு எந்த விரலும் உதவாது.

2019-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. கோமாவில் இருப்பவரின் குடும்பம் ரிட் மனு போடலாம். மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும், தாசில்தார் தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், நியமிக்கப்பட்டவர் தொடர்ந்து கணக்குக் கொடுக்க வேண்டும் என்று வழிமுறை வகுத்தது. 2024-ல் அதே நிலைமை சென்னைக்கு வந்தது. கணவர் கோமாவில், வைத்தியச் செலவுக்கும் குடும்பத்துக்கும் அவர் பெயரில் இருக்கும் சொத்தை விற்றாக வேண்டும். சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். மனைவி மேல்முறையீடு செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பெண்ணை அலையவிடுவது சரியல்ல என்றது. அவரையே காப்பாளராக நியமித்து, விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாகப் போட வைத்தது. நாட்டுக்கே தகப்பன் என்ற அந்தப் பழைய அதிகாரம்தான் உயர் நீதிமன்றத்தின் வழியாக மறுபடியும் கை நீட்டியது.

ஆனால் ஒவ்வொரு மனைவியும் ஒவ்வொரு மகளும் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும் என்பது நியாயம் இல்லை. போக வசதி உள்ளவர்கள் மிகக் குறைவு. இந்தியாவில் இன்று ஒரு சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் எழுதப்படும் பவர், எழுதிக் கொடுத்தவருக்கு நினைவு தப்பும் நாளில் 1872-ன் 201-ம் பிரிவுப்படி செத்துவிடுகிறது. அந்தப் பிரிவைத் திருத்தி, வர்ஜீனியா 1954-ல் சேர்த்த அந்த ஒரு வரியை, தக்க காவலோடு, நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும்.